பரீட்சைக்கு வைத்த வயிறு

அந்தக் கவரை அப்படி மடக்கிப் பிடிக்காதீர்கள் தம்பி, ஃபிலிமில் கோடு விழும். அப்புறம் அந்தக் கோட்டையும் ஒரு வியாதி என்று எழுதிவிடுவார்கள். சும்மா சொன்னேன், சிரிக்கலாம். யாருக்கு? வீட்டிலேயா? கிட்னியா? இல்லையா. அப்போ வயிறு. வயிற்றில் என்ன, கட்டியா? ரத்தக்குழாயா!

இப்படி என் பக்கம் திரும்பி உட்காருங்கள். மெடிக்கல் ஸ்டாப் வர இன்னும் நேரம் இருக்கிறது, நானும் அங்கேதான் இறங்குகிறேன். இந்த பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கிறார்களே, யாரையாவது கேளுங்கள், அனியூரிசம், அதான் ரத்தக்குழாய் வீக்கம், என்றால் என்னவென்று. ஏதோ புது டிபன் என்று நினைப்பார்கள். உங்களுக்கு நான் பக்கத்தில் வாய்த்தேன்.

எந்தக் குழாயில்? மண்ணீரலுக்குப் போகிற குழாயா. ம். பரவாயில்லை. அது அங்கங்கே வருவதுதான். குறையாகச் சொல்லவில்லை, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுடையது குடலுக்குப் போகிற குழாய். என் சம்சாரத்துக்கு. அது மகா அபூர்வம். அதிலும் கையில் தட்டுப்படுகிற மாதிரி ஒன்றைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று எங்கள் சீஃப் டாக்டர் என்னிடமே சொன்னார். உங்கள் வீட்டம்மா வயிற்றில் கை வைத்தால் துடிப்பு தெரிகிறதா? தெரியாதா. ஸ்கேனில் மட்டும்தானா. அப்போ பரீட்சைக்கு உதவாது.

என்ன பரீட்சையா? சொல்கிறேன்.

என் பெயர் சம்பந்தம். சீர்காழிப் பக்கம். ‘சம்பந்தம் ரேடியோஸ்’ என்று கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், உங்கள் வயசுக்கு. கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், துக்க வீடு, எல்லாவற்றுக்கும் என் ஹார்ன் குழாய்தான். செட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை நான், மைக்கும் நானே பிடிப்பேன். பிள்ளை காணாமல் போய்விட்டது என்று நான் அறிவித்தால், பெற்றவள் மட்டுமா அழுவாள்? வளையல் கடைக்காரன் அழுவான். அப்புறம் பெட்டி பெட்டியாக டிஜே செட் வந்தது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தால்தான் பாட்டாம். என் ஹார்ன்களை மாட்டுக்கொட்டகையில் போட்டேன். அதற்கப்புறம் வீட்டில் ‘சோறு போடு’ என்பதைத் தவிர இந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. நல்ல குரல் தம்பி. நீங்களே கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள். முன்சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தாயிற்று.

அவள் பெயர் தையல்நாயகி. ஒல்லி. எங்கள் குடும்பத்தில் பேசுகிற பங்கு என்னுடையது, அதனால் அவளுக்குப் பேசிப் பழக்கம் இல்லை. சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்று சொல்லாமலேயே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கவனித்தேன். வருமானம் இல்லாத நேரத்தில் பொறுப்பாக நடந்துகொள்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் கொல்லையில் சுருண்டு கிடந்தாள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

வார்டில் ஒரு பயிற்சி டாக்டர் அவள் வயிற்றில் கை வைத்தான். வைத்த வேகத்தில் கையை எடுத்தான், சூடான சட்டியைத் தொட்டவன் மாதிரி. மறுபடி மெதுவாக வைத்தான். பக்கத்துப் பையனைக் கூப்பிட்டான். அவன் இன்னொருத்தனைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். நானும் கையை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே, உள்ளே ஒரு தவளையைப் பிடித்து வைத்த மாதிரி, தப் தப் தப் என்று. கட்டிய நாளிலிருந்து கூட இருக்கிறேன், அவளுக்குள் அப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது பாருங்கள்.

மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். சைக்கிள் ட்யூபில் ஒரு இடம் மட்டும் புடைத்துக்கொண்டு வருமே, அந்த மாதிரி. வயிற்றில் நடுவே ஓடுகிற பெரிய குழாயில் புடைப்பது சாதாரணம். அதிலிருந்து பிரிந்து குடலுக்கும் மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் போகிற கிளைகளில் புடைப்பது அபூர்வம். இதெல்லாம் அங்கேயே கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த சீஃப், மாணவர்களுக்கு நடுவில் என்னைப் பார்த்து, “நீங்கதான் வீட்டுக்காரரா? எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். கொல்லையில் அவள் விழுந்ததிலிருந்து ஆரம்பித்து, ஏற்ற இறக்கத்தோடு, எங்கே நிறுத்தணுமோ அங்கே நிறுத்தி. ஒருத்தர் அசையவில்லை. முடித்ததும் சீஃப் சொன்னார், “என்னய்யா, பசங்களைவிட இவரு நல்லா கேஸ் சொல்றாரு.” எல்லாரும் சிரித்தார்கள். அன்றையிலிருந்து வார்டில் எனக்கு நாற்காலி. சிஸ்டர்கள் ‘சம்பந்தம் ஐயா’ என்பார்கள். வெளியே டீக்கடையில் டாக்டர் பிள்ளைகளே எழுந்து இடம் கொடுப்பார்கள். ஊரில் நான் நடந்து போனால் ஒரு நாய் எழுந்திருக்காது தம்பி.

தினமும் வருவார்கள், கூட்டம் கூட்டமாக. பக்கத்துப் பிரிவிலிருந்து வருவார்கள், நர்ஸ் படிக்கிற பெண்கள் வருவார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் புடவையை விலக்கிக் கொடுப்பேன். “இங்கே இல்லை தம்பி, கொஞ்சம் மேலே. நாலு விரலை மட்டமா வைங்க.” அவள்தான் ஒத்துழைக்க மாட்டாள். முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வாள். பார்க்க வருகிறவர்களுக்கு முகம் தெரிய வேண்டாமா? நான் எடுத்துவிடுவேன். மறுபடி போட்டுக்கொள்வாள். எதிர்க்கட்டில்காரி, பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு வந்தவள், வாய் கொஞ்சம் நீளம், என்னைப் பார்த்துச் சொன்னாள், “டிக்கெட் ஒண்ணுதான் போடல நீங்க.” பொறாமை. கல்லை யார் வந்து பார்ப்பார்கள்?

இந்த சமயத்தில்தான் அந்த டாக்டரம்மா வந்தது. ஃபர்ஹானா என்று பெயர். சின்ன வயசு. கத்தி எடுக்காமல் குழாய்க்குள்ளேயே போய் வைத்தியம் பண்ணுகிற டாக்டர். உங்கள் வீட்டம்மாவுக்கும் அந்த மாதிரி டாக்டர்தான் பண்ணப் போகிறார், இல்லையா? கம்பிச் சுருளை வைத்து அடைக்கிறார்களா? மண்ணீரலுக்கு அடைக்கலாம். குடலுக்குப் போவதை அடைத்தால் குடல் செத்துப்போகும், அதனால் எங்களுக்கு வேறு முறை. அந்தம்மா நேராக என்னிடம் வரவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் துண்டை எடுக்காமலேயே, அவளிடம் பேசியது.

“வயித்தைத் திறக்கப் போறதில்லம்மா. தொடை இடுக்குல ஒரு சின்ன ஓட்டை. அது வழியா மெல்லிசா ஒரு கம்பியை ஏத்தி, வீங்கின இடத்துக்குள்ள துணி போர்த்தின ஒரு குழாயை விரிச்சு விட்டுருவேன். ரத்தம் அந்தக் குழாய்க்குள்ள ஓடிடும். வெளிய இருக்கற வீக்கம் தன்னால சுருங்கிடும். அன்னிக்கு முழுக்கக் காலை மடக்காம படுத்திருக்கணும், அவ்வளவுதான்.”

நான்தான் கேட்டேன், “துடிப்பு என்னாகும் மேடம்?”

“நின்னுடும்.”

“முழுசாவா?”

“முழுசா. அதுக்குத்தானே பண்றோம்?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தது. அவள் துண்டை விலக்கி அந்தம்மாவைப் பார்த்தாள். யார் வந்தாலும் விலக்காத துண்டு. எனக்குச் சுருக்கென்றது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நான்.

வியாழக்கிழமை பண்ணிவிடலாம் என்றது அந்தம்மா. சனிக்கிழமை பரீட்சை.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். மேல்படிப்பு டாக்டர்களுக்குப் பேப்பரில் எழுதுவது பாதிதான். மீதிக்கு உயிரோடு ஒரு நோயாளியைக் காட்டி, பேசு, தொட்டுப் பார், என்ன வியாதி என்று சொல் என்பார்கள். வெளியூரிலிருந்து பெரிய டாக்டர்கள் கேள்வி கேட்க வருவார்கள். அதற்கு நல்ல கேஸ் வேண்டும். கையில் தட்டுப்படணும், கேட்டால் கோர்வையாகச் சொல்லணும். அந்த மாதிரி கேஸ் கிடைத்தால் காலேஜுக்கே பெருமை. நோயாளிகளும் பழகிப்போயிருப்பார்கள். எந்தக் கேள்விக்கு என்ன பதில், எங்கே ‘வலிக்குது’ என்று சொல்லணும், எல்லாம் தெரிந்துவைத்திருப்பார்கள். பரீட்சை பண்ணுகிற டாக்டர்களுக்கும் அது தெரியும்.

சீஃபும் அந்தம்மாவும் கட்டில் கால்மாட்டில் நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நடுநடுவே தமிழ் வந்தது.

“சார், இது எப்ப வேணா வெடிக்கும். ஆளாளுக்கு அமுக்கிப் பார்த்தா...”

“அமுக்க மாட்டாங்கம்மா. சாஃப்டா வைப்பாங்க. இத்தனை நாள் இருந்தது ரெண்டு நாள் இருக்காதா? சரி, வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

என்னைப் பார்த்துக் கேட்டார். எத்தனை பேர் நிற்கிறார்கள், டாக்டர்கள், சிஸ்டர்கள். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். சொந்த மச்சினன் கல்யாணத்தில்கூட என்னை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. நான் தொண்டையைச் சரி செய்துகொண்டு, “நாளைய டாக்டர்கள் உருவாகிற இடம் இது. அதுக்கு எங்க குடும்பம் தடையா நிக்காது” என்றேன். சீஃப் என் தோளைத் தட்டினார். ஃபர்ஹானா டாக்டரம்மா அவளைப் பார்த்து, “நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்றது. அவள் என்னைப் பார்த்தாள். “வீட்டுக்காரர் கையெழுத்து போடாம வார்டுல அனுப்ப மாட்டாங்க மேடம், சனிக்கிழமை சாயங்காலம் போடறேன்” என்று நான்தான் முடித்துவைத்தேன்.

வெடிக்கும் என்று சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்பீர்கள். என் ஆம்ப்ளிஃபயரைக்கூட வெடிக்கும் வெடிக்கும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன்தான் செத்துப்போனான்.

அன்று மத்தியானம், பார்க்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அவளாக வாயைத் திறந்தாள். அது ஆச்சரியம்.

“என்னங்க, அந்தப் பொண்ணு சொல்றத செஞ்சுக்கலாங்க.”

“ரெண்டு நாள்தானடி.”

“இது அடிச்சுக்கறது எனக்குக் காது வரைக்கும் கேக்குதுங்க. அந்தக் குழாயை வெச்சுட்டா நின்னுடுமாம்ல?”

“நின்னுடும்.”

“அப்புறம் யாரும் வந்து பாக்க மாட்டாங்கல்ல?”

பாவம் தம்பி. வாழ்நாளில் ஒருத்தர் திரும்பிப் பார்க்காத மனுஷி. இப்போதுதான் நாலு பேர் வந்து பார்க்கிறார்கள். அதுவும் போய்விடுமோ என்று அவளுக்கும் கவலை. “அதுக்குத்தாண்டி சொல்றேன். இருக்கற வரைக்கும் பாக்கட்டும்” என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் அவள் அப்படித்தான், முகத்தைக் காட்டமாட்டாள்.

அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை என்றே சொல்லலாம். அவளைத் தயார் பண்ண வேண்டுமே. கேட்டால் ‘வலிக்குதுங்க’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள். அப்படிச் சொன்னால் எவன் மார்க் வாங்குவான்? மேல்படிப்புப் பையன் ஒருத்தனிடம், பெரிய டாக்டர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்று கேட்டுவைத்தேன். சாப்பிட்டதும் வலி, அதனால் சாப்பாட்டுக்கே பயம், உடம்பு இளைப்பு, இதெல்லாம் அவளுக்கு இருந்ததுதான். “வெடிக்கப் போகுதுன்னா வலி முதுகுக்குப் பாயும், வேர்த்துக் கொட்டும், தலை சுத்தும்” என்றான். அது அவளுக்கு இல்லை. ஆனால் அதையும் சேர்த்தால் கேஸ் நிறைவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் மாதிரி.

“சொல்லு பாப்போம். வலி எங்க ஆரம்பிக்குது?”

“மேல்வயித்துல.”

“எங்க போகுது?”

“எங்கயும் போகலங்க.”

“முதுகுக்குப் பாயுதுன்னு சொல்லுடி.”

“பாயலயேங்க.”

“பாயலன்னாலும் சொல்லு. சொல்லும்போது கண்ணை லேசா மூடிக்க.”

எதிர்க்கட்டில்காரி, “வசனம் சரியாப் பேசலன்னா சோறு கிடையாதோ?” என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தையல் கோர்வையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ‘முதுகுக்குப் பாயுது’ என்கிற இடத்தில் நான் தட்டிக்கொடுத்தேன்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா, காற்று பேச்சை இழுத்துக்கொண்டு போகிறது. என்ன, அந்தப் பக்கம் காலி சீட் இருக்கிறதா? இருக்கட்டும், இங்கேயே உட்காருங்கள். கதை இப்போதுதான் சூடு பிடிக்கிறது.

சனிக்கிழமை, ஏசி ஹால். வரிசையாகக் கட்டில், நடுவில் மறைப்புத் துணி. உறவுக்காரர்களை விடமாட்டார்கள், சீஃப் எனக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். வெளியூர் டாக்டர் ஒருத்தர், வெள்ளைத் தலை, கோட்டு போட்டவர். அவள் வயிற்றில் கை வைத்துவிட்டு சீஃபைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். சீஃப் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காக நான் இன்னொரு மாசம்கூட அங்கே கிடப்பேன்.

ஒவ்வொருத்தராக வந்தார்கள். நன்றாகச் சொன்னாள். மேல்வயிறு, சாப்பிட்டதும் வலி, முதுகு, வேர்வை, தலை சுற்றல். முதலில் வந்தவர்கள் மெதுவாகத்தான் தொட்டார்கள். பயம் வந்தால் கை அழுந்தும் இல்லையா, ஃபெயிலாகிவிடுவோம் என்கிற பயம், ஒரு குண்டுப் பையன் மாவு பிசைகிற மாதிரி பண்ணினான். அவள் ‘ஸ்ஸ்’ என்றாள். வெள்ளைத் தலை டாக்டர் அவனைத் திட்டினார். சரியாகிவிட்டது.

அடுத்து ஒரு பெண். இளவேனில் என்று கோட்டில் பெயர் குத்தியிருந்தது. “அம்மா, எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டது.

தையல் சொன்னாள், “முதுகுல.”

அது வரிசை இல்லை. முதலில் மேல்வயிறு வரணும். நான் காலால் தரையைத் தட்டி ஜாடை காட்டினேன். மறுபடி, “முதுகுல கண்ணு. முதுகுல பாயுது” என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிக்கொடுத்ததைவிடப் பிரமாதமாக இருந்தது தம்பி, முகமெல்லாம் வேர்வை.

அந்தப் பெண் திரும்பி, “சார், பேஷண்ட்டுக்கு வேர்க்குது” என்றது.

“உனக்கு எவ்வளவு வேர்க்குது பாரு” என்றார் வெள்ளைத் தலை டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “நல்லா தயார் பண்ணி வெச்சிருக்கீங்க சார்” என்று அவர் சீஃபிடம் சொன்னார். சீஃப் கையை என் பக்கம் காட்டினார்.

தையல் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். “என்னங்க, நெசமாவே வலிக்குதுங்க” என்றாள்.

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை! அவளாகச் சேர்த்துக்கொண்டாள். இத்தனை வருஷம் வாயில்லாமல் கிடந்தவளுக்குள் இப்படி ஒரு திறமை இருந்திருக்கிறது பாருங்கள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். “கண்ணு, கொஞ்சம் கையை எடேன்” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அது எடுக்கப் போனது.

“துடிப்பைப் பத்தி சொல்லாம எங்க கையை எடுக்கற?” என்றார் டாக்டர்.

“சார்... இப்ப இருந்துச்சு சார். இப்ப சரியா தெரியல.”

“தெரியலயா? இவ்வளவு நேரம் எல்லார் கைக்கும் தெரிஞ்சுது. நல்லா தேடு.”

தேடியது. நன்றாகத்தான் தேடியது. அப்புறம் அந்தப் பெண் செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், பரீட்சை நடுவில், ஹாலை விட்டு ஓடிப்போய்விட்டது. “ஃபர்ஹானா மேடம்” என்று வராந்தாவில் கத்திக்கொண்டே. பரீட்சையில் நின்று பதில் சொல்ல முடியாத பெண் நாளைக்கு என்ன வைத்தியம் பார்க்கும்? அந்த வருஷம் அது ஃபெயில். நியாயம்தானே.

வெள்ளைத் தலை டாக்டர் அப்போதுதான் குனிந்து அவள் கண் இமையை விலக்கிப் பார்த்தார். அப்புறம் ஒரே ஓட்டம். ஃபர்ஹானா டாக்டரம்மா தள்ளுவண்டியோடு வந்தது, ஒருத்தரிடமும் பேசவில்லை. வண்டிக்குக் கூடவே ஓடி ஒரு சிஸ்டர் காகிதத்தை நீட்டினாள். நான் அங்கேயே, சுவரில் வைத்து, முழுக் கையெழுத்து போட்டேன். கையெழுத்து போடாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. தொடை வழியாகப் போய் உள்ளே பலூனை ஊதி ரத்தத்தை நிறுத்தப் பார்க்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். கதவை மூடிவிட்டார்கள். வெளியே சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே நாற்காலிகூட இல்லை.

எவ்வளவு நேரம் நிற்பது? திரும்பி ஹாலுக்கு வந்தேன். சீஃப் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பாக்கிப் பிள்ளைகள் வெளியே காத்திருக்கிறார்கள், கட்டில் காலி. “வார்டுல யாராவது இருக்காங்களா பாருங்கய்யா, எதாவது ஒரு கேஸ்” என்று அலைகிறார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னால் அவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்றிருந்தது.

“சார், எனக்குக் குடலிறக்கம் இருக்கு” என்றேன்.

ஹார்ன் குழாயைத் தூக்கித் தூக்கித் தென்னை மரத்தில் கட்டிய காலத்தில் வந்தது. இடுப்புக்குக் கீழே, இருமினால் எலுமிச்சம்பழம் மாதிரி வெளியே வரும். சீஃப் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “சம்பந்தம், நீங்க போய் அங்க...” என்று இழுத்தார். “கதவு சாத்தியிருக்கு சார்” என்றேன். அதற்கு மேல் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் பரீட்சை வந்தால் எனக்குத்தான் போன் வரும், இப்போதுகூட அதற்குத்தான் போகிறேன். ஆபரேஷன் பண்ணிக்கோங்க என்று சின்ன டாக்டர்கள் சொல்கிறார்கள். சீஃப் ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்றைக்கு அதே கட்டிலில் படுத்தேன். விரிப்பை மாற்ற ஆள் இல்லை, அவள் வேர்வை ஈரம் முதுகில் பட்டது. வேட்டியை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தேன். பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். சொல்லவேண்டியதை நான் நன்றாகத்தான் தயார் பண்ணியிருந்தேன், ஆனால் யாரும் கதை கேட்கவில்லை. நேராக அங்கேதான் பார்த்தார்கள். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேலே ஓடுகிற ஏசிக் குழாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இரண்டாவதோ மூன்றாவதோ பையன் வந்து கையை வைத்து, “ஐயா, இருமுங்க” என்றான்.

அப்போது ஃபர்ஹானா டாக்டரம்மா வாசலில் வந்து நின்றது. எக்ஸ்ரேக்காகப் போட்டுக்கொள்கிற ஈயக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முழங்கை வரைக்கும் ரத்தம்.

“சம்பந்தம், வெளிய வாங்க.”

“ஒரு நிமிஷம் மேடம், இந்தப் பிள்ளை முடிச்சிடட்டும்” என்றேன்.

அந்தம்மா என்னைப் பார்த்தது. கட்டிலைப் பார்த்தது. சீஃபைப் பார்த்தது. அப்புறம் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலேயே, “போயிட்டாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அதையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா தம்பி? ஒரு மனுஷன் அப்படிக் கிடக்கும்போது.

அந்தப் பையன் கையை எடுக்க மறந்து நின்றான். என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. அவன் இருமச் சொல்லியிருந்தானே, இருமினேன்.

கை ஐஸ் மாதிரி இருந்தது தம்பி. ஏசி ஹால், பயம் வேறு, அந்தப் பிள்ளைகள் எல்லார் கையும் அப்படித்தான் இருந்தது. அடிவயிறு அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அத்தனை நாளில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.